பெரியம்மா இல்லாத சிக்னல்

தொண்ணூறுகளில் கொழும்பு, வெள்ளவத்தைக் காலி வீதியில் நாலு கடைக்கு ஒரு கொமினிகேஷன் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கனடாவுக்கு இரண்டு நிமிடம் பேசி, மீட்டரைப் பார்த்துப் பதறி ரிசீவரை வைத்த தலைமுறை இன்னும் எங்கள் பிளாட்டுகளில் இருக்கிறது. பிறகு சுரண்டி நம்பர் பார்க்கும் ரெலிபோன் கார்ட் வந்தது. அதன்பின் நெட் கபேயில் ஸ்கைப், அதன்பின் வைபர், கடைசியில் வட்ஸ்அப். ஒவ்வொரு முறையும் குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்தோம். ஒருவரும் கொள்கை பேசவில்லை. ரொறன்ரோவுக்கு எதில் மலிவு, எதில் சும்மா என்பது மட்டுந்தான் கேள்வி. 2025 மே 5ஆம் திகதி ஸ்கைப்பை மூடியபோது எங்கள் வீட்டில் ஒருவரும் துக்கம் கொண்டாடவில்லை.

அதனால், “எல்லாரும் வட்ஸ்அப்பிலதானே இருக்கினம், விட்டிட்டு எங்க போறது?” என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எல்லாரும் ஒரு காலத்தில் வைபரிலும்தான் இருந்தார்கள்.

ஆனால் இப்போது பெயர்வது அவ்வளவு லேசாக இல்லை. 2021 ஜனவரியில் வட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றப்போவதாக அறிவித்தது. ‘சிக்னலைப் பாவியுங்கள்’ என்று எலொன் மஸ்க் இரண்டே சொல்லில் எழுத, குவிந்த கூட்டத்தைத் தாங்காமல் சிக்னல் அந்த மாத நடுவில் படுத்துவிட்டது. அந்தக் கிழமையே என் மருமகன் குடும்பக் குறூப்பில் ஒரு பிரசங்கம் வைத்தான். சிக்னலை நடத்துவது இலாபநோக்கற்ற அறக்கட்டளை. வட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் அக்டன், அதை பேஸ்புக்குக்கு விற்றபின் வெளியேறி, 2018இல் 5 கோடி டொலர் கொடுத்து இந்த அறக்கட்டளையைத் தொடங்கத் துணைநின்றவர். கட்டினவரே வெளியேறின வீட்டில நாங்கள் ஏன் இருக்கிறம் என்று கேட்டான். நல்ல கேள்வி. இளசுகள் எல்லாம் சிக்னலுக்குப் போனார்கள். பெரியம்மா போகவில்லை. சில கிழமைகளில் சிக்னல் குறூப்பில் பேச்சு வற்றிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் செத்தவீடு, சாமத்தியவீடு, கலியாணப் பேச்சு, ஆர் ஆரோடு கோபம் என்ற செய்தியெல்லாம் முதலில் இறங்கும் இடம் பெரியம்மாவின் போன். அவர் இல்லாத குறூப்பில் என்ன இருக்கும்? மருமகனின் பிரசங்கம் இருக்கும். மாற்றுத் தளம் தேடும் கணினிக்காரர்கள் வழக்கமாக மற்றக் கணினிக்காரரைத்தான் முதலில் அழைக்கிறார்கள். அழைக்கவேண்டியவர் பெரியம்மா.

மாற்று ஏன் வேண்டும் என்பதை வேறெந்த ஊரைக் காட்டிலும் கொழும்பு அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 2018 மார்ச்சில், கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த திகன கலவரத்தின்போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. அந்தக் கலவரத்தை மூட்டிய வெறுப்புப் பதிவுகள் பரவியதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் வருத்தம் தெரிவிக்க 2020 மே வரை சென்றது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்றே தளங்கள் மூடப்பட்டன. 30ஆம் திகதிதான் திறந்தன. கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வீடு ஆளைத் தேடிய நேரம் அது. வெளிநாட்டிலிருந்தவர்களுக்கு இங்கிருந்து ‘நாங்கள் சுகம்’ என்று சொல்ல எஸ்.எம்.எஸ்.ஸும் சாதாரண அழைப்புந்தான் மிஞ்சின. டுவிட்டர் அன்று தப்பியது. ஆனால் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் எத்தனை பேரிடம் டுவிட்டர் கணக்கு இருந்தது? திறந்திருந்த கதவால் போக நமக்கு வழி தெரியவில்லை.

2022 ஏப்ரல் 3, பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களைத் தடுக்க ஊரடங்கு போட்டிருந்த ஞாயிறு. நள்ளிரவு கடந்ததும் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், யூடியூப், இம்முறை டுவிட்டரும் சேர்த்து முடக்கினார்கள். பிற்பகலில் திறந்தார்கள். அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தான் வி.பி.என். மூலம் எழுதுவதாகவும் இத்தகைய தடைகளால் பயனில்லை என்றும் பதிவிட்டார். அரசாங்கத்தின் தடையை அமைச்சர் தாண்டி வந்து கண்டித்த வேடிக்கை வேறு நாட்டில் நடந்திருக்குமோ தெரியாது.

சரி, எதைத் தேர்வது? வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர் தரையின் மாபிளைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் எழுதுவதில்லை. உள்ளே வர என்ன பத்திரம் கேட்கிறார்கள், எழும்பும்போது அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்று விசாரிப்பார். இந்தத் தளங்களிடமும் இந்த இரண்டையும்தான் நான் கேட்கிறேன்.

முதலாவது கேள்வி நமக்கு இரத்தத்தில் ஊறியது. போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் தமிழர் இந்த நகரத்தில் ஒரு இரவைக் கழிக்க அஞ்சினார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் புகுந்து 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுத் தடுத்தது. அடுத்த வருடம் செப்டெம்பரில், முந்திய ஐந்தாண்டுக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர் எல்லாரும் பதியவேண்டும் என்று அறிவித்தார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவை ஒரு பட்டியலில் சேர்ந்தால் பிறகு அது எங்கே போகும் என்ற கேள்வியோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட நாங்களே இன்று ஒரு விளையாட்டுச் செயலிக்குக்கூட முழு போன் புத்தகத்தையும் தூக்கிக் கொடுக்கிறோம்.

வட்ஸ்அப்பும் டெலிகிராமும் போன் இலக்கம் கேட்கும். சிக்னலும் கேட்கும், 2024 தொடக்கத்திலிருந்து அந்த இலக்கத்தை மற்றவருக்குக் காட்டாமல் ஒரு பயனர்பெயரோடு பேசலாம். இலங்கையில் சிம் என்றால் அடையாள அட்டை என்று பொருள். டுவிட்டருக்கு மாற்றாகப் பலர் தேடிப்போகும் மஸ்டொடோனும் புளூஸ்கையும் ஒரு மின்னஞ்சலோடு விட்டுவிடுகின்றன.

இதனால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று துள்ளவேண்டாம். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் அடைபட்டது, தன் பெயரில் பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காக. 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றுக்குப் பதிவுகளை நீக்கச் சொல்லும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பொதுவில் எழுதியது எந்தத் தளத்திலும் பொதுதான்.

இரண்டாவது கேள்விதான் வித்தியாசங்களை வெளியே கொண்டுவரும். பேஸ்புக்கில் உங்கள் தரவு முழுவதையும் தரவிறக்கலாம். நண்பர்களோடு சேர்த்து அப்படியே கொண்டுபோய் வைக்க இடம் கிடையாது. மஸ்டொடோனை ஜேர்மனியில் ஒயிகன் ரொச்கோ என்ற இளைஞர் 2016இல் வெளியிட்டார். அது ஒரே நிறுவனத்தின் தளம் அல்ல, தனித்தனி ஆட்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான சேவையகங்கள் ஒன்றோடொன்று பேசும் ஏற்பாடு. ஒரு சேவையகம் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்கு மாறலாம், பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். ஆனால் பழைய பதிவுகள் அங்கேயே நின்றுவிடும். நடத்துபவர் களைத்துப்போய் மூடினாலோ எல்லாம் போகும். ஆகவே சேரும்முன் அந்தச் சேவையகத்தின் அறிமுகப் பக்கத்தை வாசியுங்கள்: யார் நடத்துகிறார், செலவுக்கு எங்கிருந்து பணம், என்ன விதி. இதைப் பார்க்காமல் பெயர் அழகாக இருக்கிறதென்று சேருபவர்கள்தான் அதிகம். புளூஸ்கை பழகச் சுலபம். சொந்த இணைய முகவரி இருந்தால் அதையே பெயராக வைக்கலாம், கணக்கை வேறு இடத்துக்கு நகர்த்தவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இன்றைக்கு அநேகர் இருப்பது அந்த நிறுவனத்தின் வீட்டில்தான்.

கூட்டம் பெயர்வதும் திரும்புவதும் எல்லா இடத்திலும் நடக்கிறது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியபோது இந்தியாவில் பலர் கோபத்தோடு மஸ்டொடோனுக்குப் போனார்கள். அநேகர் சத்தமில்லாமல் திரும்பினார்கள். மஸ்க் டுவிட்டரை வாங்கிய 2022 முடிவில் மஸ்டொடோனின் மாதப் பயனர் தொகை 25 இலட்சத்தைத் தொட்டுப் பிறகு சரிந்தது. டுவிட்டருக்குப் போட்டியாக இந்தியாவில் தேசப்பற்றோடு எழுந்த ‘கூ’ 2024 ஜூலையில் கடையைக் கட்டியது. தமிழ்நாட்டு நிறுவனமான சோஹோவின் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலிக்கு 2025 செப்டெம்பரில் மக்கள் திரண்டார்கள், எனக்கும் தமிழன் என்ற முறையில் ஒரு சின்னப் பெருமிதந்தான். ஆனால் அந்தத் திரளின்போது அழைப்புகளுக்கு இருந்த முழு மறைகுறியாக்கம் எழுத்துச் செய்திகளுக்கு இருக்கவில்லை. பெருமிதத்துக்காக அதைப் பார்க்காமல் விடமுடியாது.

கோபத்தில் போனவர்கள் திரும்புவார்கள் என்பது என் கணிப்பு. ஏதோ கிடைக்கும் என்று போனவர்கள் நிற்பார்கள். நாங்கள் கொமினிகேஷனைக் கோபித்துக்கொண்டா விட்டோம்?

ஆகவே போன மாதம் பெரியம்மாவின் போனில் நானே சிக்னலைப் போட்டுக் கொடுத்தேன்.

“இதில ஆர் இருக்கினம்?”

“இப்ப நான் மட்டுந்தான்.”

“நீ தானே பக்கத்து ஒழுங்கையில இருக்கிறாய்.”

ரொறன்ரோ மச்சாளிடம் ஒரு ஏற்பாடு செய்தேன்: பேத்தியின் படங்கள் இனிமேல் சிக்னலில் மட்டும். பெரியம்மா இப்போது காலையில் முதலில் திறப்பது அதைத்தான். மற்றச் சகோதரிகளையும் ஒவ்வொருவராக இழுத்துவிட்டார். “வட்ஸ்அப்பை அழிக்கச் சொன்னீங்களோ, மாமா?” என்று மருமகன் கேட்டான். சொல்லவில்லை. செத்தவீட்டு அறிவித்தல் இன்னும் அதில்தான் வருகிறது.