அளவு பார்த்துச் செய்யும் சைக்கிள்

'குரங்குப் பெடல்' என்னும் வழக்கை நம் தந்தையார் தலைமுறையினர் நன்கு அறிவர். பெரியோர்க்கெனச் செய்த கருநிறச் சைக்கிளின் பாருக்கு மேலே காலைத் தூக்கிப்போட எட்டாத சிறுவர், பாருக்குக் கீழுள்ள முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, உடலைப் பக்கவாட்டில் கோணிக்கொண்டு மிதித்துச் செல்லும் முறையே அஃது. சிறுவர்க்கெனச் சிறு வண்டிகள் மலிந்துவிட்ட இந்நாளில் அக்காட்சி அருகிவிட்டது. காண்போர்க்கு அது நகைப்பைத் தரினும், ஓட்டுவோன்பால் குறையொன்றும் இல்லை என்பதை எவரும் ஒப்புவர். வண்டி அவன் அளவினதன்று, அவ்வளவே. இரண்டோர் ஆண்டு கழியின் அவன் கால் நீளும், தொல்லையும் தீரும். ஆனால் வளர்ச்சி முற்றுப்பெற்ற ஒருவர்க்கு வண்டி பொருந்தாதாயின் அவர் யாது செய்வார்? இனி அவர் வளரப்போவதில்லை. வண்டிதான் மாறல் வேண்டும். இவ்வெளிய உண்மையைப் பந்தயச் சைக்கிள் செய்வோரும் விற்போரும் வாங்குவோரும் அடிக்கடி மறந்துவிடுகின்றனர் என்பது நம் எண்ணம்.

நாம் ஈண்டுக் கருதுவது கடைத்தெருவுக்குச் சென்றுவரும் சைக்கிளையன்று. கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும், மெல்லிய டயரும், குறைந்த எடையும் உடையதாய், நெடுஞ்சாலையில் ஐம்பதும் நூறும் கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டுதற்கென அமைந்த வண்டியையே கருதுகின்றோம். 'ரோடு பைக்' என்று அதனை வழங்குவர். நம் நகரங்களிலும் விடியற்காலையில் அத்தகைய வண்டியேறிச் செல்வோரைக் காண்கின்றோம். அவ்வண்டியின் பிரேமைக் கடையில் ஆயத்தமாய்த் தொங்குவனவற்றுள் ஒன்றாகத் தெரிந்தெடுப்பதா, தம் உடலுக்கேற்பக் கம்மியர் ஒருவரைக்கொண்டு தனியே செய்விப்பதா என்னும் வினா அவ்வோட்டுநர்பால் எழுவதுண்டு. தனியே செய்விப்பது வீண் ஆடம்பரம் என்பர் ஒரு சாரார். பொருளுடையார் அனைவரும் அதனையே செய்விக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் நாம் உடன்படுகிலேம். வண்டியின்மேல் தம் உடல் இருக்கவேண்டிய இருப்பை முதற்கண் ஓட்டிப்பார்த்துக் கண்டறிதல் வேண்டும். அவ்விருப்பு ஆயத்தப் பிரேமில் கிட்டாதென்று உறுதிப்பட்ட பின்னரே தனிப்பிரேம் செய்வித்தல் தகும். அங்ஙனம் உறுதிப்பட்டார்க்கு அஃது ஆடம்பரமன்று, தேவையே.

பொருத்தத்தைப்பற்றி இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பழகிய ஓட்டுநர் நிமிடத்திற்கு 90 சுற்று மிதிப்பர். அவ்வாறு 4 மணி நேரம் ஓட்டுவோருடைய முழங்கால் ஒவ்வொன்றும் 21,600 முறை மடங்கி நீள்கின்றது. அத்துணை முறை மடங்கும் மூட்டுக்கு விரற்கிடை அளவும் சிறிதன்று. சீட்டு மிகத் தாழ்ந்திருப்பின் முழங்காலின் முன்புறம் நோகும். மிக உயர்ந்திருப்பின் இடுப்பு இருபுறமும் ஆடிக் காலின் பின்புறம் வலிக்கும். கைப்பிடி எட்டாத் தொலைவில் இருப்பின் உடற்பாரம் உள்ளங்கையில் இறங்கும். அங்குள்ள நரம்பு நசுங்குதலால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கழுத்தும் இடுப்பும் படும் பாட்டைத் தனியே விரித்தல் வேண்டா. இவற்றைப் பொறுத்துக்கொள்வதே வீரம் என்றெண்ணி ஆண்டுக்கணக்காய் ஓட்டுவார் சிலர். இவ்விளையாட்டுத் தமக்கு ஆகாதென்று வண்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுவார் பலர். பின்னவர்பொருட்டே நாம் மிகவும் இரங்குகின்றோம். என்னை? எனின், வண்டியின் குறையை அவர்கள் தம் உடலின் குறையாகக் கொண்டுவிடுகின்றனர்.

இனிப் பிரேமின் இயல்பை நோக்குவோம். கடைக்காரர் 52, 54, 56 என்று கூறும் எண், சீட்டுக்குழாயின் நீளத்தையோ அதனையொட்டிய ஒரு கணக்கையோ சென்டிமீட்டரில் குறிப்பது. சீட்டுக்கம்பியை உயர்த்தியும் தாழ்த்தியும் கொள்ளலாமாதலின் அவ்வெண்ணால் நாம் அறிவது சிறிதே. பெடல் அச்சின் நடுவிலிருந்து முன்குழாயின் உச்சி எத்துணை முன்னே உள்ளது, எத்துணை மேலே உள்ளது என்னும் இரண்டளவுகளே உடலின் மேற்பாதி எவ்வாறு அமையும் என்பதற்குப் பெரிதும் காரணமாவன. ஐந்தடி ஆறங்குல உயரமுள்ள இருவரை எண்ணிக்கொள்க. ஒருவர் கால் நீண்டு உடல் குறுகியவர். மற்றவர் உடல் நீண்டு கால் குறுகியவர். உயரத்தை மட்டும் கேட்கும் விற்பனை அட்டவணை இருவர்க்கும் ஒரே பிரேமைக் காட்டும். முதல்வர் தம் காலுக்கேற்பச் சீட்டை உயர்த்துவார். உயர்த்தவே, கைப்பிடி சீட்டினும் மிகத் தாழ்ந்து அவருடைய குறுகிய உடலுக்கு எட்டாத இடத்தில் நிற்கும். கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம் என்னும் உறுப்பை மாற்றி இக்குறையை ஓரளவு நீக்கலாம். 80 முதல் 120 மில்லிமீட்டர் வரையுள்ள ஸ்டெம்கள் எளிதிற் கிடைக்கின்றன. பலர்க்கு இதுவே போதும். மோதிரம் சிறிது தளர்ந்தால் நூல் சுற்றி அணிவாரன்றி அழித்துச் செய்வார் இலர். ஆனால் நூல் சுற்றுதற்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்டெமை அளவிறந்து நீட்டினும் குறுக்கினும் வண்டி திரும்பும் தன்மை மாறிவிடும்.

கடைப்பிரேம்கள் ஏன் சில அளவுகளில் மட்டும் வருகின்றன? எஃகுக்குழாய்களை வெட்டிப் பித்தளையோ வெள்ளிக்கலவையோ உருக்கி ஒட்டிய காலத்தில், குழாயைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வெட்டினால் வேறோர் அளவு கிடைத்துவிடும். இங்கிலாந்திலும் இத்தாலியிலும் இருந்த சிறு பட்டறைகள் அங்ஙனமே செய்துவந்தன. பர்மிங்காம் நகரத்து ரெய்னால்ட்ஸ் கம்பெனியார் 1935-ல் வெளியிட்ட '531' என்னும் குழாய் பல பத்தாண்டுகள் அத்தொழிலில் பெரும்பெயர் பெற்றிருந்தது. 1990-களின் பிற்பகுதியில் தைவான் நாட்டு ஜயன்ட் கம்பெனிக்காக மைக் பரோஸ் என்னும் ஆங்கிலேயர், மேற்பார் பின்னோக்கிச் சரிந்த பிரேம் ஒன்றை வகுத்தளித்தார். சீட்டுக்கம்பியையும் ஸ்டெமையும் மாற்றிக்கொள்ளின், சிறியது, நடுத்தரம், பெரியது என்னும் மூன்றே அளவுகள் போதும் என்பது அவ்வமைப்பின் கருத்து. எடையும் குறைந்தது; சரக்கு வைப்போர்க்கும் எளிதாயிற்று. அதன் அறிவுடைமையை நாம் மறுக்கவில்லை. பின்னர்க் கார்பன் இழையால் அச்சிலிட்டுச் செய்யும் பிரேம்கள் பெருகின. அளவு ஒவ்வொன்றுக்கும் விலைமிக்க தனியச்சு வேண்டுமாதலின், அளவுகளைப் பெருக்க எந்தக் கம்பெனிக்கு மனம் வரும்? நடுத்தர உடலினர்க்கு இதனால் இழப்பில்லை. இழப்பு ஓரத்தில் நிற்போர்க்கே.

ஓரத்தில் நின்றோருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் உயரம் குறைந்த பெண்டிர். இவ்வகை வண்டிகளின் சக்கர விளிம்பு பொதுவாக 622 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிரேம் சிறிதாயினும் சக்கரம் சிறிதாவதில்லை. பிரேமைக் குறுக்கக் குறுக்க முன்சக்கரம் காலை நெருங்கி வரும். கைப்பிடியைத் திருப்புங்கால் செருப்பின் நுனியில் முட்டும். இதற்கஞ்சிய தொழிலாளர் முன்சக்கரத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டுச் சீட்டுக்குழாயைச் சற்று நிமிர்த்திவைப்பர். அதனால் மேற்பாரின் நீளம் காகிதத்தில் குறைந்து தோன்றும். ஆயினும் ஓட்டுபவர் சீட்டைத் தமக்குரிய இடத்திற்குப் பின்தள்ளியவுடன் கைப்பிடி பழைய தொலைவிலேயே நிற்கக் காண்பார். இச்சூழ்ச்சியை விடுத்து வேறு வழி கண்டவர் ஜார்ஜினா டெர்ரி என்னும் அமெரிக்கப் பெண்மணியார். இயந்திரப் பொறியியல் கற்ற அவர் பிரேம் செய்யும் தொழிலையும் பயின்று, 1985-ல் பெண்டிர்க்கெனவே ஒரு சைக்கிள் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய சிறிய வண்டிகளில் பின்சக்கரம் வழக்கம்போலவே இருக்க, முன்சக்கரம் மட்டும் 24 அங்குலமாகச் சிறுத்திருந்தது. பார்வைக்கு விந்தையான வண்டிதான். ஆனால் பிரேம் மெய்யாகவே குறுகிற்று, கைப்பிடி எட்டிற்று. இங்கே ஒன்று கருதத்தக்கது. அவர் கடைகளுக்கு அனுப்பியவை ஆளுக்கொன்றாய் அளந்து செய்த பிரேம்கள் அல்ல, ஆயத்த வண்டிகளே. மாறாதென்று அனைவரும் கொண்டிருந்த சக்கரத்தை ஒருவர் மாற்றத் துணிந்தமையால், தனிப்பிரேம் ஒன்றே கதி என்றிருந்த பலர்க்கு அது வேண்டாதாயிற்று. கம்பெனிகள் ஓரத்தாரையும் எண்ணிச் செய்யுமாயின் தனிப்பிரேமின் தேவையே பெரிதும் குறையும் என்று நாம் கூறுவது இதுபற்றியே.

நிற்க. தனிப்பிரேம் செய்வித்தார்க்கு வலியனைத்தும் நீங்கிவிடும் என்றெண்ணுதலும் பேதைமையாம். பெல்ஜிய நாட்டு எட்டி மெர்க்ஸ் என்பாரை அறியாத சைக்கிள் வீரர் இலர். 1969 ஜூலையில் டூர் டி பிரான்ஸ் என்னும் பெரும்பந்தயத்தை முதன்முறை வென்ற அவர், அவ்வாண்டு செப்டம்பரில் பிரான்சு நாட்டுப் புளுவா நகரத்து ஓட்டக்களத்தில் விழுந்து காயமுற்றார். அவர்க்கு முன்னே மோட்டார் சைக்கிளில் வழிகாட்டிச் சென்றவர் அவ்விபத்தில் இறந்தார். மெர்க்ஸ் பிழைத்தெழுந்து பின்னும் நான்கு முறை அப்பெரும்பந்தயத்தை வென்றார். ஆயினும் இடுப்பில் நேர்ந்த பிறழ்வினால் மலையேறுங்கால் தாம் முன்போல் இல்லை என்று அவரே கூறியுள்ளார். கொல்நாகோ, தெ ரோசா முதலிய பெயர்பெற்ற இத்தாலியக் கம்மியர் அவர்க்கென்றே பிரேம்கள் செய்தளித்தனர். 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் அவர் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியதும் கொல்நாகோ செய்த வண்டியிலேதான். அத்தகைய வண்டிகளைப் பெற்றிருந்தும், பந்தயத்தின் நடுவே கருவியை எடுத்துச் சீட்டை ஏற்றியும் இறக்கியும் பார்ப்பது அவர் வழக்கமாயிருந்தது. பிரேம் உடலுக்கு இடம் தரும், உடலைப் பழுதுபார்க்காது. தம் முதுகுநோவுக்கு மருத்துவரை நாடவேண்டியவர் கம்மியரை நாடுதல் பொருளிழப்பாய் முடியும்.

அஃதாயின் தம் இருப்பை ஒருவர் எங்ஙனம் அறிவது? கணக்குகள் பல உள. பிரான்சு நாட்டுப் பயிற்சியாளர் சிரீல் கியுமார் கையாண்டதும், அவர்பால் பயின்ற கிரெக் லெமாண்டு என்னும் அமெரிக்க வீரரால் 1980-களில் பரவியதுமான கணக்கு அவற்றுள் ஒன்று. காலின் உள்நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு இருக்கவேண்டிய தொலைவு கிடைக்கும் என்பர். உள்நீளம் 80 சென்டிமீட்டராயின் விடை 70.6 ஆகும். தொடங்குதற்கு இது நல்ல எண். ஆயினும் பாதத்தின் நீளமோ, செருப்பின் தடிப்போ, கணுக்காலின் பழக்கமோ அக்கணக்கிற்குத் தெரியா. யாப்பிலக்கணத்தைக் கசடறக் கற்றும் வெண்பா ஒன்று வாராது தவிக்கும் தோழரை நம் வகுப்பிலேயே காட்டலாம். ஆதலின் கையிலுள்ள வண்டியிலேயே சீட்டையும் ஸ்டெமையும் சிறிது சிறிதாக மாற்றிச் சில மாதம் ஓட்டிப் பார்ப்பதே சிறந்தது. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறித்தும் வைக்க வேண்டும். வலியின்றி ஓட்டும் இருப்பு வாய்த்தபின், பெடல் அச்சிலிருந்து சீட்டுக்கும், சீட்டிலிருந்து கைப்பிடிக்கும் உள்ள தொலைவுகளை அளந்துகொண்டு கம்பெனிகள் வெளியிடும் அட்டவணைகளோடு ஒப்பிடுக. வழக்கமான ஸ்டெமைக்கொண்டே அவ்விருப்பைத் தரும் ஆயத்தப் பிரேம் கிடைக்குமாயின் அதனை வாங்குக. கிடையாதாயின் கம்மியரிடம் செல்க. செல்லுங்கால் தம் கைகால்களின் நீளத்தோடு நில்லாது, கண்டறிந்த இருப்பின் அளவுகளையும் எடுத்துச் செல்க. அவற்றை நோக்கி, 'உமக்குத் தனிப்பிரேம் வேண்டா' என்று திருப்பியனுப்ப வல்லவரே நம்பத்தக்க கம்மியர்.

விலையைப்பற்றியும் ஒரு சொல். தனிப்பிரேமுக்கு ஆயத்தப் பிரேமினும் மிக்க பொருள் செலவாகலாம்; மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். விடுதிக் கட்டணத்திற்கே வீட்டை எதிர்நோக்கும் மாணவராகிய நமக்கு அஃது இப்போது கைக்கெட்டாத பொருளே. ஆனால் நமக்கு எட்டாமை ஒன்றே அதனை ஆடம்பரம் ஆக்கிவிடாது. மருத்துவர் எழுதிய எண்ணுக்கேற்ப மூக்குக்கண்ணாடி செய்விப்பவரை எவரும் ஆடம்பரர் என்பதில்லை. கண்ணில் குறையின்றியும் தங்க விளிம்புக்காகக் கண்ணாடி அணிபவரையே அங்ஙனம் கூறுவர். கம்மியர் பெயருக்காகவும் வண்ணப்பூச்சுக்காகவும் பிரேம் செய்விப்பார் இப்பின்னவரை ஒப்பர்.

பிறர்க்கென அளந்து செய்த பிரேம்கள் பழைய பொருளாக விலைக்கு வருவதும் உண்டு. புகழ்பெற்ற பெயரையும் குறைந்த விலையையும் கண்டு மயங்கி வாங்குவாரும் உளர். நீண்ட உடலும் குறுகிய காலும் உடையார் ஒருவர்க்கென நீட்டிய மேற்பார், வாங்கியவர் அவரோடு ஒத்த உயரத்தினராயினும், இவர் கைக்கு எட்டாது. கடையில் தொங்குவதாவது பலரையும் கருதிச் செய்யப்பட்டது. இதுவோ வேறொருவர் முதுகை மட்டுமே கருதியது. ஆதலின் விற்பவரிடம் விலையைக் கேட்குமுன் முன்குழாயின் உச்சிக்குரிய அவ்விரண்டு அளவுகளைக் கேட்டல் நலம். அளவுநாடாவைக் கையோடு கொண்டுசென்று தாமே அளந்து பார்த்தல் அதனினும் நலம்.