பழைய சர்வருக்குப் பெரிய ஹார்டு டிஸ்க் தேவையா?

என் நண்பர் ஒருவரின் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவ கிராமம். அங்குள்ள இளைஞர்கள் ஊரின் பழைய போட்டோக்கள், திருவிழா வீடியோக்கள், சங்கப் பதிவேடுகளின் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க நினைக்கிறார்கள். ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட ரேக் சர்வர் மலிவாக வருகிறதாம். "ஆறு பெரிய டிஸ்க்கை மாட்டிவிட்டால் போதும்தானே?" என்று கேட்டார். வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ரேக் சர்வர் என்றால் என்ன என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கலாம். அலுவலகங்களில் இரும்பு அலமாரிக்குள் மேசை டிராயர் போலப் படுத்திருக்கும் கம்ப்யூட்டர்தான் அது. முன்பக்கம் வரிசையாக டிரேக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்டு டிஸ்க். பார்க்க மிரட்டும். ஆனால் பழைய சர்வரில் எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டுமானாலும் வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள்.

டிஸ்க் என்பது 512 பைட் கொண்ட சிறு சிறு செக்டர்களால் ஆனது. பழைய கன்ட்ரோலர்கள் பல, செக்டர் எண்ணை 32 பிட்டில் எழுதுகின்றன. 32 பிட்டில் சுமார் 429 கோடி வரைதான் எண்ண முடியும். அதை 512 ஆல் பெருக்குங்கள்: 2.2 டிபி. அதோடு சரி! டெல் சர்வர்களில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த பெர்க் 6/ஐ கன்ட்ரோலர் இந்த ரகம்தான். 4 டிபி டிஸ்க் வாங்கி மாட்டினால் அதன் முழு இடமும் கிடைக்காது. ஹெச்700 போன்ற அடுத்த தலைமுறைக் கார்டுக்கு மாற்ற வேண்டும். மலிவு என்று வாங்கியதற்கு இப்படித்தான் செலவு ஏறும்.

சரி, கார்டையும் மாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆறு 4 டிபி டிஸ்க்குகளை ரெய்டு 5 முறையில் இணைத்தால், ஒன்று செத்தாலும் மற்ற ஐந்தையும் படித்துக் கணக்குப் போட்டு இழந்ததை மீட்கலாம். அதாவது 20 டிபியைப் பிழையில்லாமல் படித்தாக வேண்டும். வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றுக்குக் கம்பெனிகள் தரும் உத்தரவாதமே, 12.5 டிபி படித்தால் ஒரு பிழை வரலாம் என்பதுதான். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கும். ஆனாலும் இருக்கும் ஒரே பிரதியை நம்பி அந்தப் பரீட்சை எழுதலாமா?

ஊரையும் பாருங்கள். பழவேற்காடு உவர்நீர் ஏரி. அந்தப் பக்கம் வங்கக் கடல். சர்வரின் மின்விசிறிகள் நாள் முழுக்க அந்த உப்பங்காற்றை உள்ளே இழுத்து போர்டுகளின் மேல் வீசிக்கொண்டிருக்கும். (அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்குவதும் கஷ்டம்.) சராசரி 200 வாட் என்றாலும் ஒரு நாளைக்கு 4.8 யூனிட், இரண்டு மாத பில்லில் 288 யூனிட் கூடும். இதற்கு மேல் சுனாமி, புயல், வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு டிஸ்க் இருந்தாலும் பெட்டி ஒன்றுதானே? தண்ணீர் வந்தால் ஆறும் ஒன்றாகத்தான் முழுகும்.

உண்மையில் எவ்வளவு இடம் தேவை? ஒரு போட்டோ 5 எம்பி என்றால் ஒரு லட்சம் போட்டோவுக்கு 500 ஜிபி. செல்போன் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 8 ஜிபி வைத்தால் நூறு மணி நேரத்துக்கு 800 ஜிபி. ஆக மொத்தம் 1.3 டிபி. சாதாரண 2 டிபி யுஎஸ்பி டிஸ்க்கில் அடங்கிவிடும். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அந்த முறைப் பட்டியலை டைப் செய்து வைத்தால் பழைய ஃபிளாப்பியே போதும். ஊருக்கு விலை மதிப்பில்லாத தகவல் பல நேரம் சில கேபிதான்! முகத்துவாரம் எந்த ஆண்டு எப்படி அடைத்துக்கொண்டது என்று காட்டும் போட்டோக்களும் அப்படியே. நாளைக்கு ஒரு அதிகாரியிடம் காட்ட வேண்டி வந்தால் வேறெங்கும் கிடைக்காது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை இன்டர்நெட்டில் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கிராமத்தில் இருந்தது சாதாரண கம்ப்யூட்டர். தகவலைத் திரட்டித் தரும் மையம் கடற்கரையைத் தள்ளி வில்லியனூரில் இருந்தது. நம் இளைஞர்களுக்கும் நான் சொல்வது இதே ஏற்பாடுதான். ஒரே அளவில் இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்குங்கள். ஒன்று ஊரில், ஒன்று பொன்னேரியிலோ சென்னையிலோ உறவினர் வீட்டில். மாதம் ஒரு முறை காப்பி செய்து இடம் மாற்றுங்கள். முக்கியமான பதிவேடுகளை மட்டும் இன்டர்நெட்டிலும் ஏற்றிவிடுங்கள்.

சர்வர் வாங்கியே தீருவோம் என்றால், சென்னையில் படிக்கும் ஊர்ப் பையன்கள் கழற்றி மாட்டிப் பழகட்டும். ரெய்டு பற்றிக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மெஷின் கிடைக்காது. டிஸ்க் வாங்கப் போகும் முன் கன்ட்ரோலர் கார்டின் பெயரைக் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.