ராமகுப்பத்தில் வெடிக்கும் பட்டாசு யாரைப் பழக்குகிறது?

எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை எனக் கொள்ளும் பிழை நம் வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கிறது. தேர்வுத்தாளோடு முடியும் பிழையன்று இது. சித்தூர் மாவட்டத்து ராமகுப்பம் மண்டலத்தின் வயல்களில் இதே குழப்பம் கொள்கையாக நடைமுறையில் உள்ளது.

ஸ்கின்னரின் செயல்படு ஆக்கநிலையிறுத்தத்தில் நேர், எதிர் என்பன நன்மை தீமையைக் குறிப்பன அல்ல; ஒன்று சேர்க்கப்படுவதையும் நீக்கப்படுவதையும் குறிப்பன. வலுவூட்டல் எவ்வகையாயினும் செயலைப் பெருக்கும். தண்டனை குறைக்கும்.

இனி வயலுக்கு வருவோம். கேழ்வரகோ நெல்லோ விளைந்த நிலத்தில் யானை இறங்குகிறது, வயிறு நிறைகிறது. இது நேர் வலுவூட்டல். பிறகே பட்டாசு வெடிக்கிறது. அதுவும் எல்லா இரவிலும் அன்று. உடனடியாகவும் தவறாமலும் வராத தண்டனைக்கு வலு குறைவு. வெடியோசையும் நாளடைவில் பழகிப்போகிறது. சில இரவுகளில் மட்டும் உணவு கிட்டினாலும் பழக்கம் அறாது. இடைவிட்ட வலுவூட்டலில் ஊன்றிய செயல் எளிதில் மறையாது என்பது ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் வெளியிட்ட நூலுக்குப் பின் பாடநூல் அறிவு.

பட்டாசு வெடித்ததும் யானை அகல்கிறது, அச்சம் நீங்குகிறது. ஆகவே வெடிக்கும் செயலே வலுப்பெறுகிறது. எதிர்மறை வலுவூட்டலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இங்கே பழக்கப்படுவது யானையன்று, மனிதர். கூட்டம் விரட்டப்பட்டதும் மக்களின் கூக்குரல் ஓய்வதால் நிர்வாகமும் அவ்வாறே பழகிவிடுகிறது.

“கண்ணெதிரே பயிர் அழியும்போது உழவர் வேறென்ன செய்வார்?” எனக் கேட்பது நியாயமே. குற்றம் அவருடையதன்று, அந்த இரவு வரை காத்திருக்கும் கொள்கையினுடையது. யானைகள் இப்பகுதிக்குத் தமிழகக் காடுகளிலிருந்து 1980-களில் வந்தவை. கவுண்டின்யா சரணாலயம் 1990-இல் அமைந்தது. ராமகுப்பம் மண்டலத்து நனியாலாவில் கும்கி முகாம் உண்டு. 2025 மே மாதத்தில் கர்நாடகம் மேலும் நான்கு கும்கிகளை ஆந்திரத்துக்கு வழங்கியது. கும்கியும் விரட்டும் கருவியே. விளைந்த கதிர் எட்டும் தொலைவில் இருக்கும்வரை விரட்டப்பட்டது திரும்பும்.

செயல் மறைய வேண்டுமெனில் வலுவூட்டி கிட்டாதிருக்க வேண்டும். பராமரிக்கப்படும் அகழியும் வேலியும், காட்டினுள் நீரும் தீவனமும், யானை வயலை அடையுமுன் எச்சரிக்கை ஆகியவை முதலில் வேண்டும். இழப்பீடும் காலத்தே வர வேண்டும். தாமதித்து வரும் பலனுக்குச் செயலை வலுப்படுத்தும் ஆற்றல் குறைவு என்பதும் அதே பாடத்தில்தான் உள்ளது.