வாடகை வீட்டு அட்வான்ஸ் யாருடைய பணம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருக்கெடுத்தபோது, என்னோடு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் வெல்லம்பிட்டி வாடகை வீட்டுக்குள்ளும் நீர் புகுந்தது. இனி அங்கே இருக்க முடியாது என்று முடிவெடுத்து, ஜனவரியில் வேறு இடத்தில் வீடு பார்த்துக்கொண்டு வெளியேறினார். மாத வாடகை 35,000 ரூபாய். ஆறு மாதக் கணக்கில் 210,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். அதைக் கேட்கப் போனபோது வீட்டுக்காரர் ஒரு பட்டியலை நீட்டினார். சுவரில் பெயின்ட் போய்விட்டது, கதவுகள் ஊதிவிட்டன, நிலம் நாறுகிறது. திருத்த வேலைக்கே அந்தப் பணம் காணாது என்றார்.

"வெள்ளத்த நானா கூட்டி வந்தேன்?" என்று அவர் ஓய்வறையில் கேட்டதும், அங்கிருந்த ஒவ்வொருவரும் தத்தம் அட்வான்ஸ் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டோம். இடமாற்றத்தில் ஊர் ஊராக அலையும் ஆசிரியர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. எனக்கும் ஒன்று உண்டு. ஆனால் அதில் நான் வாடகைக்கு இருந்தவன் அல்ல, வீட்டுக்காரன்.

எனக்குக் கொழும்புக்கு இடமாற்றம் கிடைத்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மனைவியின் சீதன வீட்டை 2021 இல் வாடகைக்குக் கொடுத்தோம். அட்வான்ஸாக 150,000 ரூபாய் வாங்கினேன். சில மாதங்களிலேயே அது வீட்டுச் செலவோடு செலவாகக் கரைந்துவிட்டது. 2023 இல் அந்தக் குடும்பம் வெளியேறப் போவதாக அறிவித்தபோது கையில் பணம் இல்லை. நான் என்ன செய்தேன்? ஊருக்குப் போய், வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஆணி அடித்த துளை, ஒழுகும் பைப், குளியலறைத் தரையின் வெடிப்பு என்று ஒவ்வொன்றாக எழுதினேன். மனைவி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வெடிப்பு நாங்க இருக்கக்குள்ளயே இருந்ததுதானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் முழுப் பணத்தையும் மூன்று தவணைகளில் கொடுத்து முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. அதற்கிடையில் 2022 பொருளாதார நெருக்கடி வந்து போயிருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். நான் திருப்பிக் கொடுத்த 150,000 ரூபாய், அவர்கள் தந்தபோது வாங்கக்கூடியதில் ஏறக்குறைய பாதியைத்தான் வாங்கும்.

அட்வான்ஸ் தகராறுகளில் பெரும்பாலானவை சேதத்தினால் வருவதில்லை என்று நான் சொல்வது இந்த அனுபவத்தில் இருந்துதான். பணம் முதலில் செலவாகிவிடுகிறது. சேதப் பட்டியல் பிறகு எழுதப்படுகிறது. "அடுத்த ஆள் வரட்டும், தாறேன்" என்று வீட்டுக்காரர் சொல்வதன் பொருளும் இதுதான். ஒருவரின் பணத்தை இன்னொருவரின் பணத்தால் அடைக்கிறோம்.

குழப்பத்துக்கு 'அட்வான்ஸ்' என்ற சொல்லும் ஒரு காரணம். முற்கூட்டியே செலுத்தி மாதாமாதம் கழிபடும் வாடகையும் அட்வான்ஸ்தான். போகும்போது முழுதாகத் திரும்ப வேண்டிய வைப்புப் பணமும் அட்வான்ஸ்தான். முதலாவது வீட்டுக்காரரின் வருமானம். இரண்டாவது அவர் கையில் இருக்கும் பிறரின் பணம். எது எது என்று எழுதாமல் விடும்போது இரண்டுமே வருமானம் போலத் தெரியத் தொடங்குகிறது.

சட்டம் நமக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது? 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பிரதானமாகப் பழைய வாடகைக் குடியிருப்பாளர்களை வாடகை உயர்விலிருந்தும் வெளியேற்றத்திலிருந்தும் காக்க வந்தது. 1980 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகள் பெரும்பாலும் அதன் பிடிக்குள் வருவதில்லை. ஆகவே அதிகமான வீடுகளில் எல்லாமே இருவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில்தான் தங்கியிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தையும் நாம் சரியாகச் செய்வதில்லை. 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். நாமோ கடையில் வாங்கிய படிவத்தில் ஒப்பமிட்டு முடித்துவிடுகிறோம்.

இங்கிலாந்தில் 2007 முதல், இத்தகைய வைப்புப் பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டமொன்றின் கீழ் வீட்டுக்காரர் கொண்டுவர வேண்டும். பிணக்கு வந்தால் அந்தத் திட்டத்தின் ஊடாகவே தீர்த்துக்கொள்ள வழி உண்டு. நம் நாட்டில் வாடகைச் சட்டத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுவோர், வாடகைத் தொகையோடும் வெளியேற்றத்தோடும் நின்றுவிடாமல் இதையும் கவனத்தில் எடுக்க வேண்டும்.

வெள்ளச் சேதத்துக்கு வருவோம். நமது வாடகை உறவுகளுக்கு அடிப்படையான உரோமன் டச்சுச் சட்டம், நியாயமான பாவனைத் தேய்மானத்தையும், தடுக்க முடியாத இயற்கை அனர்த்தத்தால் வந்த சேதத்தையும் பொதுவாகக் குடியிருந்தவர் மீது சுமத்துவதில்லை. இஸ்லாமிய வாடகைச் சட்டமும் இதையே சொல்கிறது. வாடகைப் பொருள் இருப்பவரின் கையில் அமானிதம். வரம்பு மீறலோ கவனயீனமோ இருந்தால்தான் அவர் பொறுப்பாளி. இதை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் அதே அளவு கனமானது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. எல்லோரும் பணக்காரர் அல்லர். ஒரே வீட்டின் வாடகையில் வாழும் விதவைத் தாய்மார் இருக்கிறார்கள். கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, மின்சார, தண்ணீர் பில்களையும் நிலுவையில் வைத்துப் போவோர் இருக்கிறார்கள். இணைப்பு உரிமையாளரின் பெயரில் இருப்பதால் அந்தச் சுமை அவர் தலையிலேயே விழும். உடைந்த கதவுக்கும் கட்டாத பில்லுக்கும் கழிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கழிக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு காட்ட வேண்டும்.

இதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. சாவி கைமாறும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையையும் தொலைபேசியில் வீடியோ எடுத்து இருவரிடமும் வைத்துக்கொள்ளலாம். மின்மானி, நீர்மானி இலக்கங்களைக் குறித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் வைப்புப் பணம் எவ்வளவு, முன்வாடகை எவ்வளவு, வெளியேறி எத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும், வெள்ளம் வந்தால் திருத்தச் செலவு யாருடையது என்று நான்கு வரி எழுதலாம். பணத்தைக் கொடுப்பவர் வங்கி ஊடாகக் கொடுத்தால் பிறகு மறுக்க இடமிருக்காது.

அப்படியும் இழுபறி வந்தால், பொலிஸுக்கு ஓடுவதற்கு முன் மத்தியஸ்த சபையை நாடலாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைகளுக்கு முதலில் போகாமல், குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட இத்தகைய பணப் பிணக்குகளை நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை. சட்டத்தரணி தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் வாடகை ஒப்பந்த மாதிரிப் படிவம் ஒன்றை மஹல்லாவில் விநியோகித்தால் பாதித் தகராறு தொடங்கும் முன்பே தீரும்.

என் நண்பர் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்திருக்கிறார். எங்கள் ஊர் வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் தந்த அட்வான்ஸ் தனி வங்கிப் புத்தகத்தில் கிடக்கிறது. புத்தகத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். என் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு ஒருமுறை தெரிந்துவிட்டதே.