கோடிங் பிறகு பார்ப்போம், முதலில் சம்பளக் கணக்கு

 

இப்போது பெற்றோர் பலரும் கேட்பது, "பிள்ளையைக் கோடிங் கிளாசுக்குப் போடலாமா?" என்றுதான். போடுங்கள், நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க எல்லோரும் புரோகிராமராக வேண்டியதில்லை. அதை ஆசிரியர்களாகிய நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஹார்வர்டில் வணிகம் படித்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஒரு எண் மாறினால் மற்றதையெல்லாம் அழித்துத் திரும்பக் கணக்குப் போட வேண்டியிருப்பதைக் கவனித்தார். ஒரு கட்டத்தை மாற்றினால் மற்றக் கட்டங்கள் தாமாகத் திருந்தினால் என்ன என்று யோசித்தார். பொப் பிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் செய்த 'விசிகால்க்' 1979இல் வெளிவந்தது. புரோகிராம் எழுதத் தெரியாத கடைக்காரரும் அதில் தன் கணக்கைத் தானே அமைத்துக்கொண்டார். இன்றைய எக்செல், கூகுள் சீட்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவை. நம் பிள்ளைகள் சாதாரண தரத்தில் 'விரிதாள்' என்று படிப்பதும் இதைத்தான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

தோட்டத்துச் சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலச் சுருக்கங்களோடு கழிவுகள் வரிசையாக இருந்தால், கொழுந்து பறிக்கும் தாய்க்குக் கடைசித் தொகை மட்டும்தான் விளங்கும். ஏன் குறைந்தது என்று யாரிடம் கேட்பது?

அந்த வீட்டுப் பிள்ளை நாலு கட்டத்தில் கண்டுபிடிக்கலாம். 20 பேர், நாளுக்கு 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 20,000. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், 1,600 ரூபா கழியும். தோட்டம் தன் பங்காக 12 வீதம், 2,400 ரூபா போட வேண்டும். ஆக மாதம் 4,000 ரூபா அம்மாவின் பெயரில் சேர வேண்டும். அடுத்த மாதம் பேரை மட்டும் மாற்றினால் போதும், மிச்சத்தை விரிதாள் பார்த்துக்கொள்ளும்.

"சிக்னல் இல்லை, வீட்டில் ஒரே போன்" என்பீர்கள். உண்மை. ஆனால் விரிதாளுக்கு எந்நேரமும் இணையம் வேண்டியதில்லை. போனே இல்லாவிட்டாலும் கணக்கின் ஒழுங்கைச் சதுரக்கோட்டுக் கொப்பியிலேயே பழக்கலாம்.

மொழியும் ஒரு சாக்கல்ல. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் கட்டளைகளே தமிழில்தான். 'பதிப்பி' என்றால் திரையில் அச்சிடும். லிப்ரே ஆபிஸ் இலவசமாக, தமிழிலும் கிடைக்கிறது. தமிழால் முடியும்போது சம்பளத் துண்டு மட்டும் ஏன் விளங்காத மொழியில் வர வேண்டும்? தமிழில், கணக்கு விளங்கும்படி தாருங்கள் என்று தொழிற்சங்கங்களும் நாமும் கேட்க வேண்டும்.

உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளே, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை தன் தாயின் துண்டைச் சரிபார்க்கப் பழகட்டும். கோடிங்கை அதற்குப் பிறகு தானே தேடிப் போகும், இன்ஷா அல்லாஹ்.