கணினியில் பழுதில்லை

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் முடித்துக்கொண்டது. அதற்காக, நன்றாக இயங்கும் கணினிகளைப் பத்திரிகை அலுவலகங்கள் ஏன் கழித்துவிட வேண்டும்? அவற்றிலேயே லினக்ஸ் மின்ற் இலவசமாக இயங்கும். லிப்ரே ஒபிஸும் பயர்பொக்ஸும் உடன்வரும்.

‘லினக்ஸ் கடினம்’ என்பது வெறும் சாட்டு. பிரான்சின் ஜொந்தார்மறி காவற்படை தனது பல்லாயிரம் கணினிகளை உபுண்டுவுக்கு மாற்றிவிட்டது. பொலிஸாருக்குக் கைவந்தது நிருபருக்கு வராதா?

உண்மையான தடை, பாமினியில் ஊறிய பழக்கம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு அது. எழுத்துரு மாறினால் செய்தி ஆங்கிலக் குப்பையாகிவிடும். தமிழில் தேடினால் அகப்படாது.

பக்கம் வடிவமைப்போர் இன்டிசைனுக்காக விண்டோஸிலேயே இருக்கட்டும். செய்தி எழுதுவோர் லினக்ஸுக்கும் ஒருங்குறிக்கும் இன்றே மாறலாம். தமிழ்99 விசைப்பலகை அங்கும் உண்டு. விரல்களின் பழக்கத்துக்காக ஒரு சமூகத்தின் ஆவணங்களைப் பணயம் வைக்கும் உரிமை எந்த ஆசிரியபீடத்துக்கும் இல்லை.