எஜமானுக்குக் குளிர்ச்சி, டிரைவருக்கு அபராதம்

ஓடுகிற வண்டி புகை விட்டால் பொறுத்துக்கொள்ளலாம். ஓரமாக நிறுத்திவிட்டு, எஞ்சினை மட்டும் மணிக்கணக்கில் ஓடவிட்டால்? அதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமா, டிரைவர்களின் நல்ல புத்திக்கு விட்டுவிடலாமா? இந்த வாதம் பலமாக நடந்த ஊர்களில் ஒன்று ஹாங்காங்.

அங்கே இரு பக்கமும் வானை முட்டும் கட்டடங்கள். நடுவே குறுகிய தெரு. கிளம்பிய புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே சுற்றுகிறது. நடந்து போகிறவர்களின் மூக்கில்தான் அது ஏறுகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டு. டீசல் வண்டியானால் நுரையீரலின் ஆழம் வரை போகும் கரித்துகளும் உண்டு. வண்டியோ ஓர் அடிகூட நகரவில்லை!

டாக்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எஞ்சினை நிறுத்தினால் ஏ.சி.யும் நின்றுவிடும், கோடை வெயிலில் தகரக் கூண்டுக்குள் நாங்கள் வேக வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஏ.சி. அறையில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவர்களுக்கு இது எளிதில் தோன்றாது. மேலும், அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலான டாக்சிகள் எரிவாயுவில் ஓடியவை. கரி கக்கியவை டீசல் லாரிகளும் பஸ்களும்தான்.

கடைசியில் 2011-ல் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 15 முதல் அமலுக்கு வந்தது. எந்த 60 நிமிஷத்திலும் மொத்தம் 3 நிமிஷத்துக்கு மேல், நிற்கும் வண்டியின் எஞ்சின் ஓடக்கூடாது. மீறினால் 320 ஹாங்காங் டாலர் அபராதம் என்றார்கள். நெரிசலில் அகப்பட்ட வண்டிக்கு விலக்கு. நிலையத்தில் வரிசை நிற்கும் டாக்சிக்கும் மினி பஸ்ஸுக்கும் சலுகை. கடும் வெப்ப எச்சரிக்கை, பெருமழை எச்சரிக்கை வந்தாலோ எல்லா வண்டிகளுக்குமே விலக்கு!

இந்தக் கடைசி விலக்குதான் நமக்குப் பிடிக்கவில்லை. வெயில் கொளுத்தும் நாளில்தான் எல்லாரும் எஞ்சினை ஓடவிடுவார்கள். அன்றைக்கென்று சட்டம் கண்ணை மூடிக்கொண்டால், பிறகு அது எதற்கு? டாக்சிக்காரருக்குக் காட்டிய இரக்கத்தின் நிழலில் சீமான்களின் சொகுசுக் கார்களும் ஒதுங்கிக்கொண்டன.

வெயில் இல்லாத நாளில் மட்டும் என்ன வாழ்கிறது? முதலாளி மாடியில் பேசிக்கொண்டிருப்பார். அவர் இறங்கி வரும்போது கார் குளுகுளுவென்று இருக்க வேண்டும். கீழே டிரைவர் காத்திருப்பார். எஞ்சினை நிறுத்தினால் முதலாளியின் கோபம். நிறுத்தாவிட்டால் அதிகாரியின் சீட்டு. அபராதம் விழுவது டிரைவர் தலையில்!

நியூயார்க் நகரத்தில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே 1971 முதலே தடை உண்டு. பொதுவாக 3 நிமிஷம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் 1 நிமிஷம், அவ்வளவுதான் அனுமதி. நின்றபடி புகை விடும் லாரியையோ பஸ்ஸையோ பொதுஜனம் வீடியோ எடுத்துப் புகார் செய்யலாம். அபராதத்தில் 25 சதவீதம் புகார் செய்தவருக்கு! காசுக்குக் காட்டிக்கொடுக்கும் இந்த ஏற்பாடு நமக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பாராட்ட வேண்டும். அங்கே நோட்டீஸ் போவது வண்டிக்குச் சொந்தமான கம்பெனிக்கு.

ஹாங்காங் சர்க்கார் செய்ய வேண்டியதும் அதுதான் என்பது நமது அபிப்பிராயம். டாக்சி நிலையங்களில் நல்ல கூரை போடட்டும். விசிறியும் குடிதண்ணீரும் வைக்கட்டும். வண்டியை விட்டு இறங்கி உட்கார இடம் இருந்தால், எந்த டிரைவரும் எரிபொருளை வீணாக்கிக்கொண்டு உள்ளே அடைந்து கிடக்க மாட்டார். அந்த வசதி செய்த பிறகு வெயில் நாள் விலக்கை எடுத்துவிடலாம். சம்பளத்துக்குக் கார் ஓட்டுகிறவர் மீது எழுதும் அபராதச் சீட்டை, காரின் சொந்தக்காரர் பெயருக்கே அனுப்பட்டும்.